ரெய்ட் 5-க்கும் டிரிம் வேண்டும்: எம்டி பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் கர்னலில், பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்த்து ரெய்ட் அரே ஆக்கும் எம்டி பகுதியைப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம். 2012 டிசம்பரில் வெளியான 3.7 கர்னலிலேயே எம்டி, டிரிம் கட்டளையை ('இந்த இடம் இனி தேவையில்லை' என்று டிரைவுக்குச் சொல்வது) எஸ்எஸ்டி வரை கொண்டுசேர்க்கத் தொடங்கியது. பாரிட்டி (ஒரு டிரைவ் போனால் அதன் தரவை மீட்க உதவும் கணக்கு) வைக்கும் ரெய்ட் 5, 6-க்கு மட்டும் 2014-இல் அதை இயல்பாக முடக்கிப் பூட்டுப் போட்டீர்கள். காரணம் நியாயமானது. டிரிம் வெறும் பரிந்துரைதான். டிரைவ் அதில் ஒரு பகுதியைக் கண்டுகொள்ளாமல் விடலாம். எம்டியோ அந்த ஸ்டிரைப் (எல்லா டிரைவ்களிலும் பரவிய ஒரு வரிசை) முழுக்கப் பூஜ்ஜியம் என்றே நம்பும். ஒரு டிரைவில் பழைய தரவு மிஞ்சினால் பாரிட்டி பொருந்தாது. பிறகு அங்கே சிறிதாக ஏதாவது எழுதினால், பழைய பாரிட்டியை வைத்தே புதியது கணக்கிடப்படும். பிழையும் கூடவே தொடரும். இன்னொரு டிரைவ் செத்து, அதன் தரவைப் புது டிரைவில் மீட்டெழுதும் ரீபில்ட் முடிந்த பிறகுதான் கோப்பு குப்பையானது தெரியும்.

ஆனால் பூட்டியே வைப்பதும் கேடுதான். ரீபில்ட் ஆகும் புது டிரைவில், கோப்பே இல்லாத பிளாக்குகளும் சேர்த்து எழுதப்படுகின்றன. அதன்பின் அந்த எஸ்எஸ்டியின் கணக்கில் காலி இடமே இல்லை. யாருக்கும் வேண்டாத பக்கங்களை உள்ளுக்குள் இடம் மாற்றி எழுதியே அது தேய்கிறது.

இப்போது பூட்டைத் திறக்க, ரெய்ட்456 மாட்யூலில் 'டிவைசஸ் ஹேண்டில் டிஸ்கார்ட் சேஃப்லி' அளவுருவை 'ஒய்' ஆக்கி, துவக்கத்தில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து ரீபூட் செய்கிறோம். இயந்திரத்திலுள்ள ரெய்ட் 5, 6 அரே அத்தனைக்கும் இது ஒன்றுதான். நம்பகமான டிரைவ்கள் ஒரு அரேயிலும் மலிவானவை இன்னொன்றிலும் இருந்தால், இரண்டுக்கும் சேர்த்துத்தான் திறக்க முடியும்.

ஒவ்வொரு அரேக்கும் தனி அமைப்பு கொடுங்கள். டிரிமுக்குப் பின் பூஜ்ஜியம் தரும் சாட்டா டிரைவ்களின் பட்டியல், கர்னலின் சாட்டா பகுதியான லிப்ஏடிஏ-வில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இல்லாத ஒரு டிரைவ் உறுப்பாக இருந்தாலும் அந்த அரே மறுக்கட்டும். இதைவிட நல்லது, டிரிமுக்குப் பதில், பூஜ்ஜியமாக்கச் சொல்லும் 'ரைட் ஜீரோஸ்' கட்டளையை அனுப்புவது. என்விஎம்இ வகை டிரைவ்களில் இடத்தை விடுவிக்கச் சொல்லியே அதை அனுப்பலாம். படிக்கும்போது பூஜ்ஜியம் உறுதி, பாரிட்டியும் பொருந்தும். டிரைவுக்கு அந்த வசதி இல்லையென்றால் கோரிக்கையை விட்டுவிட வேண்டும்; கர்னல் தானே உட்கார்ந்து பூஜ்ஜியங்களை எழுதினால் தேய்மானம்தான் கூடும்.

ஆவணத்திலும் ஒன்றைச் சேருங்கள். ரெய்ட் 5 முழு ஸ்டிரைப்பை மட்டுமே விடுவிக்கும். நான்கு டிரைவ், 512 கேபி சங்க் (ஒரு டிரைவில் விழும் துண்டு) என்றால், ஒன்று பாரிட்டிக்குப் போக அது 1.5 எம்பி தரவு. அதைவிடச் சிறிய கோரிக்கைகள் சத்தமில்லாமல் கைவிடப்படுகின்றன. ஆகவே மவுண்டில் 'டிஸ்கார்ட்' (அழிக்க அழிக்க டிரிம் அனுப்பும் அமைப்பு) போடுவதைவிட, காலி இடம் முழுவதற்கும் ஒரேயடியாக டிரிம் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் கருவியை வாராவாரம் ஓட்டுவது மேல். அது காட்டும் அளவைக்கூட நம்ப வேண்டாம்: கோப்பு முறைமை அனுப்பியது அவ்வளவு; டிரைவுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவ்வளவு என்று பொருளல்ல.