தீர்த்தக் கேணியும் அன்னதான மடமும்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கும் ஊரவர்களுக்கும் வெளிநாடுகளில் வாழும் எங்கள் பிள்ளைகளுக்கும் திருப்பணிச் சபையின் வணக்கம்.

2023 தையில் எங்கள் பிள்ளையார் கோயிலில் பாலஸ்தாபனம் செய்து தொடங்கிய வேலை 2025 ஆனியில் கும்பாபிஷேகத்துடன் நிறைவேறியது. 48 நாள் மண்டலாபிஷேகமும் குறையின்றி முடிந்தது. மூலஸ்தானக் கூரையின் ஒழுக்கு நின்றுவிட்டது. வசந்த மண்டபத்துக்கு நிலம் பதித்தாயிற்று, மடப்பள்ளிக்குப் புகைபோக்கி வைத்தாயிற்று. தேர்முட்டிக் கதவு, வெளிவீதி மதில், மின்சார வேலை எல்லாம் மதிப்பீட்டுக்குக் கிட்டவே முடிந்தன. அன்னதான மடத்தில் 120 பேர் ஒரே பந்தியில் இருக்கலாம். இவற்றைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்ட கேள்வி எல்லாம் கேணியைப் பற்றியது. அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் கேணியைப் பற்றியதுதான்.

முதலில் கணக்கு. மொத்த மதிப்பீடு 1 கோடியே 52 இலட்சம் ரூபா. செலவு 1 கோடியே 86 இலட்சம். கூடியது 34 இலட்சம். அதில் 11 இலட்சம் சீமெந்து, கம்பி, மரம் ஆகியவற்றின் விலை ஏறியதால் வந்தது. மீதி 23 இலட்சமும் கேணியில் போனது. 38 இலட்சத்தில் முடியவேண்டிய கேணிக்கு 61 இலட்சம் முடிந்தது. அந்த 38 இலட்சத்தை ஒரு வெளிநாட்டு அரசு உதவியாகத் தருவதாக இருந்தது. கடைசியில் 61 இலட்சத்தையும் ஊர்தான் கொடுத்தது.

"கேணியைச் செயலாளரின் வீம்புதான் விழுங்கியது" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் சொன்னார்கள். சொன்னவர்கள் மீது, செயலாளரான எனக்குக் கோபமில்லை. அவர்களும் கை நிறையக் கொடுத்தவர்கள், கேட்கும் உரிமை உள்ளவர்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதவேண்டியது என் கடமை.

கேணி கோயில் மதிலுக்கு வெளியே இருக்கிறது. பிள்ளையாரின் தீர்த்தமும் அங்கேதான், வேதக்காரரின் (கிறிஸ்தவரின்) குடமும் அங்கேதான். அதனால்தான் அதைக் கோயில் வேலையாக இல்லாமல் ஊர்க் குடிநீர் வேலையாகக் காட்டி உதவி கேட்டோம். 2023 ஆவணியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்த நாடு என்று இதில் எழுதவில்லை. அது சபையின் தீர்மானம்.

ஒப்பந்தத்தின் முதற் பக்கத்தில் இருந்த சொற்கள் நல்ல சொற்கள். பங்காளித்துவம், சம மதிப்பு, ஊர்மக்களின் பங்கேற்பு, எதிர்காலத் தலைமுறை. பின்னிணைப்பு ஆங்கிலத்தில் 22 பக்கம். அதில் மூன்று விடயங்கள் இருந்தன. கேணியோடு அமைக்கும், உவர்நீரை நன்னீராக்கும் ஆர்.ஓ. பிளான்டையும் அதன் உதிரிப்பாகங்களையும் அந்த நாட்டு நிறுவனத்திடமே வாங்கவேண்டும். ஒப்பந்தகாரரை அவர்களே தெரிவு செய்வார்கள். வரைபடத்தை மாற்றுவதென்றால் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். இந்த 22 பக்கத்தையும் நாங்கள் முழுவதுமாக வாசிக்காமல் கையெழுத்து வைத்தோம். அது எங்கள் பிழை. தலைவர், பொருளாளர், நான் மூவரும் அதை ஏற்றுக்கொள்கிறோம்.

எங்கள் தீவில் ஆறு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மாரியில் விழுகிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. பொறுமையாக அள்ளினால் நல்ல தண்ணீர், மோட்டர் வைத்து இழுத்தால் உவர் மேலே வந்துவிடும். கேணிக்குள் தண்ணீர் வருவது வானத்திலிருந்து மட்டுமில்லை, அடியில் இருக்கும் கல் வெடிப்புகளாலும் ஊறி வருகிறது. அவர்கள் தந்த வரைபடத்தில் கேணியின் அடி முழுவதற்கும் கம்பி கட்டி ஆறு அங்குலக் கொங்கிறீட் போடுவதாக இருந்தது. தண்ணீர் தெளிவாக நிற்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

2024 மாசியில் சேறு அள்ளி முடிந்த அன்று எங்கள் ஊர்ப் பெரிய மேசன் அப்பு கேணிக்குள் இறங்கினார். எண்பது வயது தாண்டியவர். ஈசான மூலையில் குந்தியிருந்து, கல் வெடிப்புக்குள் இரண்டு விரலை விட்டு, நனைந்த விரலை நாக்கில் வைத்தார். பிறகு நடுவில் போய் அதேபோல் செய்தார், துப்பினார். திரும்ப ஈசான மூலைக்கு வந்து என்னைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்து அந்த வெடிப்பில் வைத்தார். மத்தியான வெயிலில் மற்றக் கல் எல்லாம் சுட்டது, அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது. "மாஸ்டர், இதை மூடினால் பிறகு இது கேணி இல்லை, தொட்டி. தண்ணியை லொறியிலதான் கொண்டுவந்து ஊத்தவேணும்" என்றார்.

அதை ஒப்பந்தகாரரிடம் சொன்னோம். "எனக்குத் தந்த படத்தில் இருக்கிறதைத்தான் ஐயா நான் செய்யலாம்" என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை, படத்தை மாற்றினால் அவருக்குக் காசு வராது. கடிதம் எழுதினோம். வரைபடத்தை மாற்ற ஆறு மாதமாகும், மார்ச் 31 உடன் தங்கள் நிதியாண்டு முடிகிறது, திறப்பு விழாவுக்கு வருகிறவரின் நாளும் குறித்தாயிற்று என்று பதில் வந்தது. திட்ட அலுவலராக இருந்த பிள்ளை எங்களுக்காகத் தன் மேலிடத்தோடு எவ்வளவோ வாதாடினார். அதையும் இங்கே பதிவு செய்யவேண்டும். அவரால் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடிய லொறியில் கலவை வந்து இறங்கியது. குருக்கள் ஐயா பூசையை முடித்துக்கொண்டு வருவதற்குள் தெற்குப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு போட்டாயிற்று. ஊர்ப் பெண்கள் படிக்கட்டில் இறங்கி நின்றார்கள். வேலை நின்றது.

அதன் பிறகு 14 கடிதங்கள். இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வந்தோம். கொடியோடு கூடிய பெயர்ப்பலகைக்குச் சபை இணங்கவில்லை, அதனால்தான் உதவி நின்றது என்று ஒரு கதை ஊரில் உலாவுகிறது. அது உண்மையில்லை. மடத்துச் சுவரில் பலகை வைக்க நாங்கள் எழுத்திலேயே இணங்கினோம். எங்கள் உபயகாரரின் பெயரையும் கல்லில்தானே வெட்டியிருக்கிறோம், கொடுத்தவர் தன் பெயரைப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன குற்றம்? இரண்டு விடயங்களில்தான் நாங்கள் இறங்கவில்லை. ஒன்று கொங்கிறீட் அடி. மற்றது ஆர்.ஓ. பிளான்ட் கழிக்கிற உவர்நீரை எங்கே விடுவது என்ற கேள்வி. வரைபடத்தில் அதற்குக் குழாய் இருந்தது, குழாயின் முடிவு கேணிக்கு 40 அடி தள்ளி, வெறும் மண்ணில்.

2024 சித்திரைப் பொதுக்கூட்டம் இரவு பதினொன்று வரை நடந்தது. "தானமாய்க் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பார்க்கத்தான் வேண்டும் என்பது என் பதில். கொடுத்தவர் போய்விடுவார், மாடு எங்கள் கொட்டிலில்தான் நிற்கப்போகிறது, தீனி வைக்கிறவர்கள் நாங்கள்.

"வெளிநாடு என்றால் இப்படித்தான், எல்லோரும் தங்கள் லாபத்துக்குத்தான் வருகிறார்கள்" என்று இளைஞர்கள் சொன்னார்கள். அவர்கள் காட்டிய உதாரணம் எங்கள் கண்முன்னால் நடந்தது. யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் எடுக்கும் வேலை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தன் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா எதிர்த்தது. அந்த டிசெம்பரில், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் சொல்லி, வேலையை நிறுத்திவிட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே வேலையைத் தன் நன்கொடையில் செய்ய இந்தியா கையெழுத்து வைத்தது. ஒப்பந்தகாரரிடம் வேலை கொடுபட 2024 மார்ச் ஆனது. இரண்டு பெரிய நாடுகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று வருடமும் தீவுச் சனத்துக்கு டீசல் மெஷின்தான்.

அது உண்மைதான். ஆனாலும் எல்லாரையும் ஒரே நுகத்தில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் அமெரிக்க மிஷனில் வந்தவர். சமயம் பரப்ப வந்த மிஷன் அது, அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் வந்தவர் தமிழைப் படித்து, வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கி, எங்கள் பிள்ளைகளைத் தமிழிலேயே வைத்தியராக்கினார். நோர்வே உதவியில் வந்த காரைநகர்ச் சீநோர் படகு கட்டும் தளத்தில் எங்கள் ஊர் ஆட்களும் தொழில் பழகினார்கள். அதே நோர்வேதான் 1952 இல் இந்தியாவோடும் ஐக்கிய நாடுகளோடும் கையெழுத்து வைத்துக் கொல்லம் பக்கத்தில் மீன்பிடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஏழை மீனவருக்கு இயந்திரப் படகும் நல்ல சாப்பாடும் கிடைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். போகப்போக இறால் ஏற்றுமதிக்குக் காசு வந்தது, இழுவைமடி கரை கரையாகப் பரவியது. இன்று எங்கள் பிள்ளைகளின் வலையை அறுத்துக்கொண்டு போகும் இந்திய றோலர்களின் (இழுவைப் படகுகளின்) வழி அங்கேயும் போய் முட்டுகிறது. கொடுத்தவர்களின் மனதில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கடற்கரையில் இருந்தவனிடம் கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் மண்ணிலேயே சாட்சி உண்டு. இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டத்தில் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்த நிறுவனங்களைக் கொண்டு கட்டினார்கள். 2012 ஒக்டோபர் 2 முதல் முறையை மாற்றினார்கள். வடக்கு, கிழக்கில் 45,000 வீடுகளுக்கு, வீட்டுக்காரர் கையிலேயே 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவைத் தவணை தவணையாகக் கொடுத்து, உங்கள் வீட்டை நீங்களே கட்டுங்கள் என்றார்கள். இந்தியாவுக்கு இங்கே நலன் இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அடுப்படி எந்தத் திசையில் என்று தீர்மானித்தது வீட்டுக்காரி. நாங்கள் கடிதத்தில் கேட்டதும் அவ்வளவுதான். ஒப்பந்தகாரர் உங்கள் ஆளாகவே இருக்கட்டும், பலகையும் உங்களுடையதாகவே இருக்கட்டும், அடியை மட்டும் எங்களிடம் விடுங்கள் என்றோம். எட்டாவது கடிதம் அது. பிரதி மடத்தில் இருக்கிறது.

லண்டனிலிருந்து இணையத்தில் கலந்துகொண்ட எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர், மலேசியாவின் பெர்காவ் அணைக்குப் பிரித்தானியா கொடுத்த உதவி ஆயுத விற்பனையோடு பிணைக்கப்பட்டிருந்த கதையையும், அந்த உதவி சட்டவிரோதம் என்று 1994 இல் லண்டன் நீதிமன்றமே சொன்னதையும் எடுத்துச் சொன்னார். கொடுக்கிற நாட்டுக்குள்ளேயே அதைக் கேள்வி கேட்க ஆள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தைரியம் தந்தது. அந்தத் தைரியத்தில்தான் கடைசிக் கடிதத்தை எழுதினேன். பதில் வரவில்லை. வைகாசியில் உதவி இரத்து என்று அறிவித்தல் வந்தது. முதல் தவணையாக வந்த 10 இலட்சத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். பற்றுச்சீட்டு கோப்பில் உண்டு.

கூடிய 23 இலட்சத்தின் விபரம்: நின்றுபோன ஒப்பந்தகாரருக்குத் தீர்த்தது 9 இலட்சம், போட்ட கொங்கிறீட்டை உடைத்து அள்ளியது 6 இலட்சம், கழற்றி எறிந்த வெள்ளைக்கல் படிகளைத் தேடிப் பொறுக்கித் திரும்ப வைத்தது 8 இலட்சம். உடைத்த வேலைக்கு மெஷின் வைக்கவில்லை, கல் வெடிப்பு அடைபட்டுவிடும் என்று உளியாலேயே செய்தார்கள். பதினேழு நாள். பெரிய மேசன் அப்பு ஒவ்வொரு நாளும் குடையோடு படியில் இருந்தார், சம்பளம் வாங்கவில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்தியபோது, "நல்லவேளை, எங்கள் கேணி பிறர் கையில் இல்லை" என்று முன்பு என்னை ஏசிய ஒருவரே வந்து சொன்னார். எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தக் காசை நம்பி மருந்து எடுத்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள்.

இனிக் கொடுத்தவர்கள். பெயர்கள் மண்டபக் கல்லில் உள்ளன, இங்கே வீடு சொல்லியே எழுதுகிறோம். ஆலடி வளவுப் பேரப்பிள்ளைகள் ஐவர், கனடா. சங்கக்கடையடிக் குடும்பம், டென்மார்க். தபாற்கந்தோரடிச் சகோதரிகள், சுவிஸ். வடக்குத் தெரு மருமகன், கொழும்பு. ஓடக்கரை வீட்டார், பாரிஸ். பனங்கூடலடி ரீச்சரும் அவரது பழைய மாணவரும். கடற்றொழிலாளர் ஒரு மாதம் வெள்ளிக்கிழமை மீன்பாட்டின் வருமானம் முழுவதையும் தந்தார்கள், றோலரால் வலை இழந்தவர்களும் அதில் உண்டு. மேற்குத் தெரு வேதக் கோயில் சபையார் கேணிப் படிக்கு இரண்டு வரிசைக் கல் தந்தார்கள். மடத்துக்கு அண்டா, கிடாரம் தந்த மூன்று வீட்டார் பெயர் போடவேண்டாம் என்றார்கள். கனடாவில் இருந்து ஒரு பிள்ளை பெரிய தொகையோடு, கேணிக்கு நீல நிறத் தரை ஓடு பதிக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் அனுப்பினார். வெளிநாட்டு அரசுக்குச் சொன்ன பதிலைத்தான் அவருக்கும் சொன்னோம். அவர் நிபந்தனையை விட்டார், காசைத் தந்தார். அவருக்குச் சபை தனியாக நன்றி சொல்கிறது.

செய்யாமல் விட்டவை: ஆர்.ஓ. பிளான்ட் இல்லை. ஆடி, ஆவணியில் பிரதேச சபைத் தண்ணிப் பவுசரை இன்னும் நம்பித்தான் இருக்கிறோம். வெளிவீதி மின்விளக்கு நான்கு மிச்சம். எனக்கு 71 வயது, அடுத்த சபைக்கு என் பெயரை முன்மொழியவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கார்த்திகை மழைக்குக் கேணி ஒன்பதாம் படி வரை நிறைந்தது. கணக்குப் புத்தகமும் 14 கடிதங்களின் பிரதியும் மடத்து அலுமாரியில் தை மாதம் முடியும்வரை பார்வைக்கு இருக்கும். காலை ஏழு முதல் பத்து வரை வரலாம். சாவி குருக்கள் ஐயா வீட்டில்.

செயலாளர், திருப்பணிச் சபை