செயின்ட் லூயிஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் சௌக்கியம். மூன்று ஞாயிறாக நீ போன் எடுக்கவில்லை, வேலை இருக்கும், நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை குரலைக் கேட்டும் நாளாகிறது, அவருக்கும் வேலைதான் இருக்கும். குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் உங்கள் ஊரின் அந்தப் பெரிய எஃகு வளைவைப் பார்க்கலாம் என்று தேடினேன், வேறொன்று கிடைத்தது. 1864 செப்டம்பரில் உங்கள் செயின்ட் லூயிஸ் பென்டன் பாசறை ஆஸ்பத்திரியில் இருந்தபடி ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் என்பவர் தன் பெண்கள் இருவருக்கு எழுதிய கடிதம். அடிமையாக இருந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்தவர். பெண்கள் இன்னும் உங்கள் மிசூரி மாநிலத்திலேயே கிளாஸ்கோ என்ற ஊரில் அடிமைகள். உங்களை நான் மறக்கவில்லை, என் உயிரே போனாலும் மீட்பேன் என்கிறார். எழுத்துப்பிழை ஏராளம், ஆனால் ஒரு வார்த்தை பயந்து எழுதியது இல்லை. இருவரில் மேரி என்பவளை அடிமையாக வைத்திருந்த கிட்டி டிக்ஸ் என்ற அம்மாளுக்கும் தனியாக ஒன்று எழுதியிருக்கிறார். என் பிள்ளையை நானே திருடப் பார்க்கிறேன் என்கிறாயா, அவளுக்காக 40 டாலர் தர வந்தேனே, நீ வாங்காமல் விட்டதே நல்லது என்று கேட்கிறார். பெண்ணைப் பெற்றவன் அப்படி எழுத வேண்டும். நான் மூன்று வாரமாகக் குளிரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மேரி அப்புறம் அப்பாவோடு சேர்ந்துவிட்டாள். 1937இல் செயின்ட் லூயிஸிலேயே கிழவியாக உட்கார்ந்து, தன்னைப் பெற்றவர்கள் பட்ட பாட்டைச் சொல்லியிருக்கிறாள். சரி, கடிதங்கள் எப்படித் தப்பின தெரியுமா? கிட்டியின் சகோதரன் அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். இரண்டையும் வடக்குப் படைத் தளபதி ரோஸ்கிரான்ஸுக்கு அனுப்பி, இந்த ரைஸை மாநிலத்தை விட்டே அனுப்புங்கள் என்று மனு போட்டான். புகாரோடு கோத்துவைத்த காகிதம் அழியவில்லை, இன்று அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

போஸ்ட்மாஸ்டர் என்று படித்ததும் டேப்லெட்டை மூடிவிட்டேன், பாப்பா.

நீ கல்லூரி முடித்த கோடையில் தினமும் பதினோரு மணிக்குத் திண்ணைக்கு வந்து நிற்பாயே. உன் பேருக்கு வந்தது. கட்டைப் பிரித்தவன் நான், பையில் போட்டுக்கொண்டவனும் நான்தான். 34 வருஷம் ஒரு மணியார்டர் பிசகவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். உறையைப் பிரிக்கவில்லை, அதை மட்டும் நம்பு. வீட்டு வரி ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன். ஆவணி முகூர்த்தத்துக்கு அவசரப்பட்டதும் அதனால்தான். அம்மாவுக்குத் தெரியாது.

அதை இதோடு வைத்திருக்கிறேன். பதிவுத் தபால், கையெழுத்துப் போட்டு நீயே வாங்கு. மாடி அறை சுத்தமாக இருக்கிறது, வெள்ளை அடித்தாயிற்று. எப்போது வந்தாலும், எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். காதை மூடிக்கொண்டு போ.

அப்பா