அக்காவுக்கு, அடுத்த பயணத்துக்கு முன்

அன்புள்ள அக்கா,

நாம் சேர்ந்து நடத்தும் கடற்கரை யோகா பயணத்துக்கு அடுத்த முறை நான் வரவில்லை. நேரில் சொல்லியாயிற்று, காரணமும் உங்களுக்குத் தெரியும். வந்து போனவர்கள் ஆளாளுக்குக் கேட்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன். கணக்கு வழக்கு பற்றி ஒரு வரிகூட இங்கே இருக்காது. அது நமக்குள்.

எழுத உட்கார்ந்தால் அந்தப் படகுதான் முன்னால் வந்து நிற்கிறது. எல்லாரும் நீரில் மூச்சு விட உதவும் ஸ்நார்கல் குழாயும் முகக்கண்ணாடியுமாகப் படகோரத்தில் உட்கார்ந்திருக்க, "இறங்குறதுக்கு முன்னாடி மூணு சுற்று பஸ்திரிகா" என்று கையைத் தூக்கினீர்கள். துருத்தி மாதிரி வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி அது. "யாரும் செய்யாதீங்க!" என்று நான் குறுக்கே கத்தினேன். உங்கள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் அந்தக் குரலில் சொல்லியிருக்க வேண்டாம். அந்தக் குரலுக்கு மன்னித்துவிடுங்கள். நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

நுரையீரலில் பிராணவாயு நிறைந்தால் கடலில் இறங்க நல்லதுதானே என்றீர்கள், அன்று இரவு. ஆரோக்கியமான ஆளின் நுரையீரலிலிருந்து போகும் ரத்தம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, தான் சுமக்க முடிந்த ஆக்சிஜனில் 95 சதவீதத்துக்கு மேல் சுமந்துதான் ஓடுகிறது அக்கா. வேக மூச்சில் அது பெரிதாக ஏறுவதில்லை. மளமளவென்று இறங்குவது கரியமில வாயு. மூச்சை அடக்கினால் நெஞ்சு தவிக்கிறதே, அந்தத் தவிப்பைக் கிளப்புவது முக்கியமாக அந்த வாயுதான். அதைக் குறைத்துவிட்டு ஒருவர் மூச்சடக்கி மீன் பார்க்க அடியில் போனால், ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருப்பது அவருக்கே தெரியாது. தவிப்பு வருவதற்குள் நினைவு தப்பிவிடும். கை உதறல் இல்லை, கூச்சல் இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. நன்றாக நீந்துகிறவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், அடியில் போவது அவர்கள்தானே. வகுப்பில் தலை சுற்றினால் யோகா விரிப்பில் சாய்ந்துகொள்ளலாம், கடலில் சாய ஏது இடம்? இவ்வளவையும் ஆடுகிற படகில் நின்று விளக்க நேரம் இருந்ததா, சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க வந்தவன் மறுபடி வாதாடுகிறேன், தெரிகிறது.

நீரில் இறங்கும் நாளில் காலை வகுப்பில் பஸ்திரிகா, வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றும் வேண்டாம். கும்பகம் சேர்க்காமல் மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மெதுவாக மூச்சு விடும் நாடி சுத்தி போதும். வேக மூச்சுப் பயிற்சிகளை வெளியே எங்கும் போகாத நாளுக்குத் தள்ளுங்கள். "யார் அதிக நேரம் அடியில் இருப்பது" என்று போட்டி ஆரம்பிப்பார்கள், பார்த்தவுடனே நிறுத்துங்கள். கத்தினாலும் பரவாயில்லை.

படகு ஏறுவதற்கு முன்பு முறுக்கு ஆசனங்களும் தலைகீழ் ஆசனங்களும் கூடாது, குமட்டல் உள்ளவர்களை அது கவிழ்த்துவிடும். அவர்களைப் படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்காரவைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை போடுகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்தபின் போட்டால் வாந்தியோடு வந்துவிடும்.

மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில் உங்கள் குரல் கேட்டால் நாள் முழுக்க நச்சரித்தவர்கள்கூடக் குழந்தை மாதிரி அடங்கிவிடுவார்கள். அதை எனக்கு யாரும் கற்றுத்தர முடியாது. ஆனால் அந்தச் சவாசனத்துக்குக் காய்ந்த மணல் எங்கே கிடைக்கும் என்று முந்தின இரவே யார் பார்த்து வைத்தார்கள்? கடல் ஏறி வற்றும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை பார்ப்பது குமாஸ்தா வேலை என்று சிரித்தீர்கள், அதுவும் விருந்தினர்கள் எதிரில். இனி அந்த வேலை உங்களுடையது, அதனால் எழுதுகிறேன்.

தினம் இரண்டு முறை கடல் ஏறி வற்றும் கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 6 மணிக்கு வற்று நிலை என்றால் கெட்டியான ஈர மணல் அகலமாகக் கிடக்கும். ஏழாம் நாள் அந்த வற்று நிலை 11 மணிக்குப் போய்விடும்; 6 மணிக்குப் போனால் ஏறிய கடல் இன்னும் இறங்கத் தொடங்கியே ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றும் இன்னும் பெரிது. பாறைக் குட்டைகள், மணல் திட்டு, கடலோரக் குகை எல்லாவற்றுக்கும் வற்று நிலைக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து, கடல் திரும்பியதும் கிளம்பிவிட வேண்டும். "இன்னும் ஒரு போட்டோ" என்பவரை விட்டுவிடாமல் இழுத்துக்கொண்டு வர, கடைசி ஆளாக நடக்க ஒருவரை நியமியுங்கள். அது யாராக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

விரிப்புகளைக் கடலைப் பார்த்துப் போடத்தான் எல்லாரும் ஆசைப்படுவார்கள். கரை கடல் பக்கம் சரிகிறது. கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தைக் கடலைப் பார்த்துச் செய்தால் கைகள் பள்ளத்தில் இருக்கும், எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். சவாசனத்தில் தலை தாழ்ந்து கிடக்கும். கரைக்கு இணையாக விரித்தால் கால்களை அருகருகே வைத்து நிற்கும்போது ஒரு கால் எப்போதும் தாழ்வு. முதுகைக் கடலுக்குக் காட்டி, தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். கிழக்குக் கரை என்றால் சூரியனும் கண்ணில் குத்தாது. முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

உலர்ந்த மணலில் உள்ளங்கையின் அடிப்பகுதி புதையும், விரல்கள் மேலே நிற்கும். மணிக்கட்டு வழக்கத்தைவிட அதிகமாக மடங்கி, இரண்டே நாளில் வலி தொடங்கும். அடிப்பகுதிக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள், அல்லது முஷ்டி ஊன்றச் சொல்லுங்கள். சூரிய நமஸ்காரச் சுற்றுகளைப் பாதியாக்குங்கள். சிரசாசனம் மணலில் வேண்டவே வேண்டாம். தலை ஒரு பக்கம் அமிழ்ந்தால் கழுத்துதான் தாங்க வேண்டும். சன்ஸ்க்ரீன் தடவிய கையோடு விரிப்பில் ஊன்றினால் வழுக்கும். தடவியதும் உள்ளங்கையைத் துடைக்கச் சொல்லுங்கள்.

பகலில் கடற்காற்று எழும்பியபின் உங்கள் குரல் பின்வரிசைக்குப் போகாது. காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றுகொள்ளுங்கள். படகுப் பயணமும் மதியத்துக்குள் முடியட்டும்.

மூன்றாம் நாள்தான் நமக்குள் ஓயாத சண்டை. பழகாத உடம்பின் தசைவலி ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அன்றைக்குப் போய் கலங்கரை விளக்கப் படிகளை வைக்காதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பதம் பார்க்கும். சமதளமாக ஒரு மீனவர் குடியிருப்பு, ஒரு உப்பங்கழி, சாயங்காலம் சுவரில் கால் சாய்த்து விபரீத கரணி, அவ்வளவு போதும். கலங்கரை விளக்கத்தை ஐந்தாம் நாள் பார்க்கலாம், அது எங்கேயும் போய்விடாது.

விண்ணப்பப் படிவத்தைச் சுருக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். வலைப்பக்கம் அழகாக இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ரத்த அழுத்தம், கண் அழுத்தம், வலிப்பு, கர்ப்பம், சமீபத்திய அறுவைச் சிகிச்சை ஆகிய கேள்விகளை எடுக்காதீர்கள். பாதிப் பேர் "ஒன்றுமில்லை" என்று எழுதுவார்கள். போனில் கூப்பிட்டு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் உண்மை வெளியே வரும். நீச்சல் தெரியுமா என்று கேட்பதிலும் பயனில்லை, குளத்தில் நீந்தியவரும் தெரியும் என்றுதான் சொல்வார். கால் எட்டாத ஆழத்தில் எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் மிதந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்பவருக்கு மிதவை அங்கி கட்டாயம், அவர் எவ்வளவு கெஞ்சினாலும்.

உங்கள் தம்பி