எரியாத எரிபொருள் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அணுக்கரு இணைவு பற்றிய உங்கள் கட்டுரை கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தையும் அதை அடைத்து வைக்கும் காந்தங்களையும் விரிவாகச் சொன்னது. சரி, உலையிலிருந்து வெளியேறும் வாயுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! வாயுப் பிரிப்பு ஆலையில் வேலை பார்த்தவன்; என் கண் முதலில் அங்கேதான் போகும்.

எரிபொருளாக உள்ளே செலுத்தும் டியூட்டீரியம், டிரிட்டியத்தில் (இரண்டும் ஹைட்ரஜனின் கனமான வகைகள், அதாவது ஐசோடோப்புகள்) மிகச் சிறு பங்குதான் ஒரு சுற்றில் எரிகிறது, அதாவது இணைந்து ஹீலியமாகிறது. மீதி, ஹீலியத்தோடும் மாசுகளோடும் கலந்து வெளியே வருகிறது. சூடான பல்லேடியம்-வெள்ளிச் சவ்வு ஹைட்ரஜன் வகைகளை மட்டும் ஊடுருவ விடும், ஹீலியம் நின்றுவிடும். அப்புறம் ஐசோடோப்புகளைத் தனித்தனியாகப் பிரிக்க, சுமார் மைனஸ் 250 டிகிரி செல்சியஸில் திரவமாக்கி வடிக்க வேண்டும். கொதிநிலைகளுக்கு இடையே சில டிகிரிதான் வித்தியாசம். வடிகோபுரத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று தெரியும்.

டிரிட்டியத்தை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்கவும் முடியாது, 12.3 ஆண்டுகளில் பாதி சிதைந்துவிடும். 1 ஜிகாவாட் இணைவுத் திறனுக்கோ ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ எரியும். லித்தியத்திலிருந்து உலையே அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கட்டுரையில் காந்தங்களுக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது இந்தக் குழாய்களுக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளர்