உள்நாட்டு உடையின் விலையும் தங்கள் ஒற்றை வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்நாட்டில் தைத்த சட்டை, கப்பலில் வந்திறங்கும் சட்டையைவிட விலை கூடுதலாக இருப்பதற்கு உள்நாட்டு உற்பத்தியாளரின் பேராசையே காரணம் என்று சென்ற இதழின் ஆடைச் சந்தைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. 26 ஆண்டுகள் தையல் எந்திரத்திலும் பிறகு கட்டிங் மேசையிலும் உழைத்தவள் நான். அந்த வரியைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

காலர், கஃப், காஜா எல்லாம் வைத்த முழுக்கைச் சட்டைக்கு எந்திரத்தில் மட்டும் ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். வெட்டுவதும் பிசிறு எடுப்பதும் இஸ்திரி போட்டு மடிப்பதும் தனி. துணியைத் திருப்பியும் வளைத்தும் ஊசிக்குக் கொடுக்க இன்றும் மனிதக் கைதான் வேண்டியிருப்பதால், எந்த நாட்டில் தைத்தாலும் இந்த நேரம் பெரிதாகக் குறைவதில்லை. ஒருமுறை இறக்குமதிச் சட்டை ஒன்றை வாங்கி வந்து, மட்டமான வேலையாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு மேசையில் வைத்துப் பிரித்தேன். அங்குலத்துக்கு 12 தையல் இருந்தது. பக்கத்தையலை மடித்து இரட்டை ஊசியில் ஓட்டியிருந்தார்கள். காலர் முனை எங்கள் காலரைவிடக் கூர்மையாக நின்றது. தைத்தவள் என்னைவிடக் கைதேர்ந்தவள். ஆனால் அந்தச் சட்டையின் கடை விலை, நான் வேலை செய்த தையல் கூடத்தில் துணிக்கும் தையல் கூலிக்கும் ஆகும் தொகையைக்கூட எட்டவில்லை. அந்த 20 நிமிடத்துக்கு அவளுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்பதை அதற்குமேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூலி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு வந்தவை 300 பீஸ், 400 பீஸ் ஆர்டர்கள். பேட்டர்ன் என்னும் அளவு அச்சு வெட்டுவது, சாம்பிள் தைப்பது, துணி வீணாகாமல் அச்சுகளை அடுக்கி வரையும் மார்க்கர் போடுவது ஆகியவற்றுக்கான செலவு 300 சட்டைக்கும் 50,000 சட்டைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்; அதை எத்தனை சட்டைகளின் மேல் பரப்புகிறோம் என்பதில்தான் விலை ஏறுவதும் இறங்குவதும். புதிய மாடலுக்குக் கை பழகி வேகம் பிடிப்பதற்குள் எங்கள் ஆர்டர் முடிந்துவிடும். கப்பல் வாடகையோ, 40 அடி கொள்கலனில் பல்லாயிரம் சட்டைகள் அடுக்கப்படுவதால், ஒரு சட்டைக்குச் சொற்பமே. 1974 முதல் செல்வந்த நாடுகள் ஆடை இறக்குமதிக்கு வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடு 2004 இறுதியோடு நீங்கியதும், மிகப் பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் வரிவிலக்கு அளித்ததும் தாங்கள் அறியாதவை அல்ல. அந்த நாடுகளுக்கு வேலை கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. இவ்வளவையும் அறிந்த பத்திரிகை, பேராசை என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டதுதான் மனத்தைப் புண்படுத்துகிறது.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே ஆடைத் தொழிற்கூடங்கள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது தாங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் தொழிலாளரை மறுநாள் காலை உள்ளே அனுப்பினார்கள் என்பதைத் தங்கள் இதழில் படித்துத்தான் அழுதேன். சில வாரங்களில் அதே இதழில், குறைந்த விலைக்கு நிறைய உடை வாங்குவது எப்படி என்று வண்ணப் பக்கங்கள் வந்தன. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன்; அது வெளிவரவில்லை. சரக்கை எடுத்த கடைகள் 90 நாள் கழித்தும் பணம் தராமல் இழுத்தடித்து, 40 பேர் வேலை செய்த எங்கள் கூடம் மூடப்பட்டபோது அதைச் சொல்லவும் எழுதினேன். அதற்கும் இடம் கிடைக்கவில்லை. பேராசைக்காரர் என்று தங்கள் கட்டுரை சொல்லும் அந்த உரிமையாளர், கடைசி மாதக் கூலியைத் தம் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் எங்களுக்குக் கொடுத்தார்.

மறுப்புக் கட்டுரை வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தங்கள் ஆடைப் பக்கங்களில் ஒவ்வொரு உடைக்கும் கீழே விலையை அச்சிடுகிறீர்கள். அதன் பக்கத்தில் அது தைக்கப்பட்ட நாட்டின் பெயரையும் அச்சிட வேண்டுகிறேன். பெரும்பாலான உடைகளில் கழுத்துப் பட்டைக்குக் கீழேயோ இடப்பக்க உள்தையலிலோ அந்தச் சீட்டு இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி