ரேஷன் அட்டை சொந்த ஊரில், வயிறு இங்கே: பொதுச் சமையலுக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் உதவி கேட்டு

ஊர்ப் பெரியவர்களுக்கும், கோவை, சென்னை, பெங்களூரு என்று வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும், கட்டிக்கொடுத்து வெளியூர் போன நம் பெண்மக்களுக்கும் பல்லடம் வட்டார ஊர்ப் பொது நிதிக் குழுவின் வணக்கமுங்க.

இன்று ஜூன் 8, 2021. கொரோனாவுக்காக மே 10-ல் தொடங்கிய முழு ஊரடங்கு வாரம் வாரமாக நீண்டு, நேற்றிலிருந்துதான் மற்ற மாவட்டங்களில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்குத் தளர்வு கம்மி. அந்தப் பதினொன்றில் ஏழு நம் பக்கத்து மாவட்டங்கள்: கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல். மே கடைசி வாரத்தில் கோவையின் ஒருநாள் எண்ணிக்கை சென்னையையே தாண்டியதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆக, நமக்கு இப்போதைக்கு மளிகையும் காய்கறியும் கறிக்கடையும் மட்டும், காலை 6 மணி முதல் மாலை 5 வரை. பஸ் கிடையாது. ஏற்றுமதி பனியன் கம்பெனிகள் சாம்பிள் அனுப்புவதற்காகப் பத்தில் ஒரு ஆளை வைத்து ஓட்டிக்கொள்ளலாம். நம் ஊர்த் தறிகளுக்கு அந்த வழியும் இல்லை. ராத்திரியில் தறிச்சத்தம் கேட்காமல் தூக்கமே வரவில்லை என்று சொல்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் என்று அறிவித்ததில் முதல் 2,000 மே மாதமே கைக்கு வந்தது. மீதி 2,000-மும் 14 மளிகைப் பொருளும் ஜூன் 15 முதல் ரேஷன் கடையில் கிடைக்கும். அதற்கு முன்னால் வீட்டுக்கே டோக்கன் வரும், யாரும் முன்கூட்டியே போய் வரிசையில் நிற்க வேண்டாம். ஊராட்சித் தூய்மைக் காவலர்கள் ஒரு நாள் விடாமல் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். காய்ச்சல் கணக்கெடுக்க வீடு வீடாக வருகிறவர்களிடம் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். வீதியைத் தகரத்தால் மறித்து டின் அடித்துவிடுவார்கள் என்று பயந்து நாலு நாள் காய்ச்சலை மறைத்த வீட்டில் இப்போது மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். டின் அடித்த வீதிக்குப் பாலும் காயும் போக வழியில்லாமல் இருந்தது நிஜம். குழு போய்ப் பேசிய பிறகு ஊராட்சியில் ஒரு பக்கம் திறந்து ஆள் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் கை நீட்டுவது அட்டைக்குள் வராதவர்களுக்காக.

நம் தறிக்குடோன்களில் வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். அட்டை அவர்கள் ஊரில் இருக்கிறது. நிவாரணப் பணம் வாங்க அந்த ஊர்க் கடைக்குத்தான் போக வேண்டும், போக பஸ் இல்லை. கோழிப்பண்ணையிலும் தறியிலும் இருக்கும் ஒடிசா, பீகார் பையன்களுக்கு இங்கே அட்டையே இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற பிழைப்பு அவர்களுடையது. தறி நின்றால் அடுத்த வாரமே அடுப்பும் நின்றுவிடும். தறி முதலாளிகள் சிலர் அட்வான்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். கூலிக்கு ஓட்டுகிறவர் எத்தனை வாரம் தாங்குவார்? அவருக்கே நெய்வதற்குப் பாவு நூல் வரவில்லை.

அதனால்தான் மே 17-ல் கோயிலுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் அடுப்பைப் பற்ற வைத்தோம். கையில் இருந்தது நின்றுபோன கோயில் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) வசூலித்த 1,18,000 ரூபாய்தான். சாமி காசைத் தொடலாமா என்று ஒரே பேச்சு. கடைசியில் பெரியவர் ஒருவர்தான் முடித்துவைத்தார்: “கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் ஏன் வந்துச்சு? நோவு வந்தப்பத்தானே ஆத்தாளைத் தேடுனோம். அவ காசுல நாலு பேருக்குச் சோறு போட்டா அவ கோவிச்சுக்குவாளாக்கும்?” அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

தினமும் 140 பொட்டலம் போகிறது. தொற்று வந்து தனிமையில் இருக்கும் வீடுகளுக்கும், சமைக்க வழியில்லாத தறிக்காரர் குடும்பங்களுக்கும், தோட்டத்துச் சாளை வீட்டில் தனியாக இருக்கும் வயசானவர்களுக்கும். பெரும்பாலும் அரிசிம்பருப்பு சாதம், வாரம் இரண்டு நாள் கொள்ளு ரசம். பொட்டலம் ஒன்றுக்கு 30 ரூபாய் ஆகிறது. இது தவிர 85 குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுத்தோம். அதில் ஒரு தப்பும் செய்தோம். எல்லாப் பையிலும் ஒரே மாதிரி இட்லி அரிசியும் புளியும் போட்டுவிட்டோம். பீகார் பையன்கள் புளியை எடுத்துக்கொண்டு வந்து இதை என்ன செய்வது என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அடுத்த தடவை அவர்களுக்குக் கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும்.

இனி ஆக்சிஜன் விஷயம். மே மூன்றாவது வாரத்தில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கு ராத்திரி பத்து மணிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88-க்கு இறங்கியது. 108 வந்தது, ஏற்றிக்கொண்டும் போனது. ஆனால் போன இடத்தில் படுக்கை காலியாகும் வரை நாலு மணி நேரம் வண்டியிலேயே காத்திருந்தார்கள். வண்டியில் ஆக்சிஜன் இருந்ததால் பிழைத்தார். காரில் கூட்டிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்த வாரமே 62,000 ரூபாய்க்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சென்ட்ரேட்டர் ஒன்று வாங்கினோம்.

சிலிண்டர் ஏன் வாங்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். 7,000 லிட்டர் பிடிக்கும் பெரிய சிலிண்டர்கூட அந்த வேகத்தில் ஒரு நாள் முழுசாக வராது, 23 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு நிரப்ப அலைய வேண்டும். இந்தக் கருவி காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிரித்துத் தள்ளிவிட்டு ஆக்சிஜனைத் தருகிறது. கரண்ட் இருந்தால் போதும். அதற்காக இது ஆஸ்பத்திரிக்கு மாற்று ஆகிவிடாது. படுக்கை கிடைக்கும் வரைக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் கொஞ்ச நாள் ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்கும், டாக்டர் சொன்ன அளவில் மட்டும்தான் வைக்கிறோம். போன வாரம் ஒரே நாளில் இரண்டு வீட்டிலிருந்து கேட்டார்கள். ஒரு வீட்டுக்குத்தான் கொடுக்க முடிந்தது.

விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 12 வாங்கி வீதிக்கு ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். நகப்பூச்சு இருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் அது தப்பாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். 94-க்குக் கீழே போனால் கஷாயம் வைத்துப் பார்க்கலாம், நாளைக்குப் போகலாம் என்று உட்கார வேண்டாம். உடனே 104-க்கோ 108-க்கோ கூப்பிடுங்கள், எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். நோம்பிப் பணத்தோடு நீங்கள் இதுவரை கொடுத்த 2,64,500-ம் சேர்த்து வரவு 3,82,500. நேற்றோடு சேர்த்து 22 நாள், இன்றைக்கும் ஒன்று, ஆக 23 நாள் சமையலுக்கு 96,600. மளிகைப் பைக்கு 97,750. கருவி 62,000, ஆக்சிமீட்டர் 18,000, வண்டி டீசல் 14,200. மொத்தம் 2,88,550 போக இருப்பு 93,950. இந்த மாசக் கடைசி வரை சமையலுக்கு மட்டுமே 92,400 வேண்டும். அதாவது கையில் இருப்பது சோற்றுக்குச் சரி, அதோடு தீர்ந்தது. இன்னொரு சுற்று மளிகைப் பைக்கும் இரண்டாவது கருவிக்கும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் தேவைப்படுகிறது.

போன இரண்டு மாதத்தில் வாசலிலேயே கல்யாணத்தை முடித்த வீடுகள் ஊரில் ஏழெட்டு இருக்கும். மண்டபச் செலவு மிச்சம், விருந்துச் செலவு மிச்சம். அவர்களைக் கொஞ்சம் உரிமையோடே கேட்கிறோம். அந்தக் கல்யாணங்களுக்கு மொய் வைக்க முடியாமல் போன ஒறம்பரைகளையும் (சொந்தக்காரர்களையும்) கேட்கிறோம். ஒரு நாள் சமையலை ஏற்றுக்கொண்டால் 4,200, மளிகைப் பை ஒன்றுக்கு 1,150. நூறு ரூபாயாக இருந்தாலும் ரசீது உண்டு. கொடுத்தவர் பேரையும் தொகையையும் பால் சொசைட்டிப் பலகையில் ஒட்டுகிறோம், பேர் வேண்டாம் என்றால் வெறும் தொகை மட்டும். போனில் அனுப்புகிறவர்களுக்கு க்யூஆர் அட்டை அங்கேயே மாட்டியிருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வீட்டில் சொன்னால் படம் எடுத்து அனுப்புவார்கள். ஊர்க்காரர் அல்லாத யாராவது நம் குழுப் பேரைச் சொல்லிப் போனில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பொருளாகவும் வாங்கிக்கொள்கிறோம். சந்தை இல்லாமல் பட்டறையில் கிடக்கும் சின்ன வெங்காயம், தக்காளி, முருங்கைக்காய் எதுவானாலும் காலை 6 மணிக்குள் சமுதாயக் கூடத்தில் இறக்கிவிடுங்கள். அரியவும் பொட்டலம் கட்டவும் ஆள் வேண்டும், தடுப்பூசி போட்டவர்களாக இருந்தால் நல்லது, முகக்கவசம் கட்டாயம். தேங்காய் மட்டும் இனி வேண்டாமுங்க, கூடத்தில் நடக்க இடமில்லாமல் குவிந்து கிடக்கிறது.

இப்படிக்கு,
ஊர்ப் பொது நிதிக் குழு,
பல்லடம் வட்டாரம்