எண்ணூர் சேற்றில் பாக்டீரியாவை ஊற்றும் முன்

கழிமுகத் தூய்மைப் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணெய் வந்த கதை உங்களுக்குத் தெரியும். வாளியும் குவளையுமாக அதை அள்ளியவர்கள் யார் என்பதும் தெரியும். 2017இல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான்.

எண்ணெய் என்றாலே இப்போது "பாக்டீரியா தின்றுவிடும்" என்கிறார்கள். தின்னும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிலோ எண்ணெய் முழுதாகச் சிதைய மூன்று கிலோ ஆக்சிஜனாவது வேண்டும். சுமார் நாலு லட்சம் லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பதே அவ்வளவுதான். மிதக்கும் எண்ணெயை அள்ளாமல் பாக்டீரியாவைத் தெளித்தால், எண்ணெய்க்கு முன் மீன் போய்விடும்.

அலையாத்தி வேரடியில் சிக்கல் இன்னும் பெரிது. சேற்றில் சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அங்கே இறங்கிய எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கிளறிக் காற்று விடலாமென்றால் மூச்சுவேர் அறுந்துவிடும். இடுப்பளவு நீரில் நின்று சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்களே, அவர்களின் விரல் போவது அந்த அடுக்குக்குத்தான். கையுறை மாட்டினால் இறால் தட்டுப்படாது.

ஆகவே கேட்கிறோம்: எதையும் ஊற்றும் முன் சிறு பாத்திகளில் சோதித்து, முடிவை ஊரறிய வையுங்கள்.

விதையாக இடும் பாக்டீரியா இந்தக் கொசஸ்தலையாற்றுச் சேற்றிலிருந்தே வரட்டும். ஓதத்துக்கு ஓதம் உப்பு மாறும் இடத்தில் நன்னீரில் வளர்த்த பாக்டீரியா தாக்குப்பிடிப்பது கடினம். வளர்க்கும் முறை இது: முகத்துவார உப்பளவில் 100 மில்லி தாதுக் கரைசல், ஒரே உணவாக 1 மில்லி கச்சா எண்ணெய், சிறிது சேறு. 30 டிகிரியில் குலுக்கி, வாரம் ஒருமுறை 5 மில்லியைப் புதுக் கரைசலுக்கு மாற்றுங்கள். நாலைந்து மாற்றில் எண்ணெயில் பிழைப்பவையே மேலோங்கும்.

பாத்தி மூன்று: பாக்டீரியாவும் உரமும், உரம் மட்டும், ஒன்றுமே இடாதது. இரண்டாவதே போதுமானதாக இருக்கலாம். 1989 எக்ஸான் வால்டிஸ் கசிவுக்குப் பின் அலாஸ்காவில் அங்கிருந்த பாக்டீரியாவுக்கு உரம்தான் இட்டார்கள். எண்ணெயிலுள்ள கார்பன் 100க்கு உரத்தில் நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்பது வழக்கமான கணக்கு. மிஞ்சினால் பாசி மண்டும். மிச்ச எண்ணெயை அளக்கும்போது, எண்ணெயிலேயே உள்ள, எளிதில் சிதையாத ஹோபேன் என்ற சேர்மத்தோடு ஒப்பிடுங்கள். இல்லையேல் ஓதம் அடித்துப்போனதும் பாக்டீரியாவின் சாதனையாகிவிடும்.

ட்ரம்மைக் கவிழ்த்துப் படம் எடுக்க இதில் வசதியில்லை, வருத்தம்தான். சாம்பல், சுடுநீர், எண்ணெய் எல்லாவற்றுக்கும் வடசென்னையே வடிகால் என்றான பின், சோதனைச்சாலையாகவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறீர்களோ என்னவோ.

சொல் கடுமையானால் பொறுத்தருளுங்கள். பாத்திகளில் முதலில் சோதியுங்கள். மாதாமாதம் அளவுகளைத் தமிழில் எழுதிக் காட்டுக்குப்பம் படகுத்துறையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து, நுண்ணுயிரியல் துறையினர் சிலர்